பூச்சும் தழும்பும்

அலுமினியத்தில் பெயின்ற் இலேசில் பிடிக்காது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பக்கக் கவர்களைக் கழற்றித் தானே நிறம் மாற்ற முற்படுகிறவர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். இரும்பில் துரு ஏறும், உதிரும், மீண்டும் ஏறும். அலுமினியம் அப்படியல்ல. காற்றுப் பட்ட கணத்திலேயே அது தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்கிறது. உலோகத்தை மேலும் அரிக்கவிடாமல் காப்பது அந்தப் படலந்தான். மேலே பூசுகிற எதையும் இறுகப் பிடிக்கவிடாமல் செய்வதும் அதேதான். ஆகவே சாதாரண பெயின்றை அப்படியே அடித்தால் ஒரு மாரிகாலம் தாங்கும். அடுத்த கோடையில் வெங்காயத் தோல்போலக் கழன்று வரும்.

யப்பானிய மோட்டார் சைக்கிள்களின் கவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே நிறமற்ற லாக்கர் பூசி அனுப்பினார்கள். முன்சில்லு வீசும் கல் பட்டு அந்த லாக்கர் ஓரிடத்தில் உடைந்தால் போதும். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீதிகளுக்குத் தூவும் உப்பு அந்த ஓட்டை வழியாக உள்ளே போய், லாக்கருக்கு அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்த தடம்போல அரித்துக்கொண்டு போகும். இதைச் சீராக்க ஒரு வழிதான் உண்டு. எண்ணெயை வடித்துக் கவரைக் கழற்றவேண்டும். பழைய லாக்கரை மருந்து போட்டு உரிக்கவேண்டும். சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்து, முதலில் 240, பிறகு 400 என்று தேய்க்கவேண்டும். விரல் ரேகையின் எண்ணெய்கூட இல்லாமல் துடைத்து, அலுமினியத்தைச் சற்றே அரித்துப் பிடிக்கிற அமிலப் பிறைமரை அடித்து, அதன்மேல் வெப்பம் தாங்கும் பெயின்றை மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு தடவை அடிக்கவேண்டும். பிறகு சூட்டில் வைத்து இறுக்கவேண்டும். 100 பாகை செல்சியஸ் அளவு போதும். பெயின்ற் பேணியில் போட்டிருக்கும். பலர் இதற்குக் குசினி அவணைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் வீடுகளில் நடக்கும் சண்டைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயின்ற் படக்கூடாது. கவரும் எஞ்சினும் முகத்தோடு முகம் சேரும் அந்த விளிம்பு வெறும் உலோகமாகவே இருக்கவேண்டும். அங்கே ஒரு துளி பட்டாலும் காஸ்கெட் சரியாகப் படியாது, எண்ணெய் கசியும். அனுபவமுள்ளவர்கள் பெயின்ற் அடிக்க எடுக்கும் நேரத்தைவிட அந்த விளிம்பை நாடா ஒட்டி மறைக்க எடுக்கும் நேரமே அதிகம்.

இலக்கியச் சஞ்சிகையில் இதென்ன கராஜ் விவகாரம் என்று நீங்கள் கேட்கக்கூடும். கடந்த சில மாதங்களாக நண்பர் ஒருவரோடு இதுபற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பெயின்றில் தொடங்கிய வாதம் எங்கெங்கோ போய்விட்டது. ஒரு பொருளின் தோற்றத்தை மாற்ற யாருக்கு உரிமை? எந்த மாற்றம் பராமரிப்பு, எந்த மாற்றம் பொய்? கேட்கச் சின்னதாகத் தெரியும் இக்கேள்விகளுக்கு விடை சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் பிரியர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. என் வண்டி, என் விருப்பம் என்பது மற்றது. இந்த இரண்டாவது கட்சியின் கோயில் என்று சொல்லத்தக்க இடம், நம்மவர் நிறைந்து வாழும் வெம்பிளிக்குப் பக்கத்தில், நோர்த் சேர்க்குலர் வீதியில் இருக்கிறது. ஏஸ் கபே. 1938இல் லொறிச் சாரதிகளுக்காகத் திறக்கப்பட்டது. போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தொழிலாள வர்க்க இளைஞர்கள் அங்கே கூடினார்கள். தொழிற்சாலை தந்த வண்டி அவர்களுக்குப் போதவில்லை. நோர்ட்டன் சட்டகத்துக்குள் ட்ரையம்ப் எஞ்சினை வைத்து அதற்கு 'ட்ரைற்றன்' என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின் கவர்களை மாலை மாலையாகத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார்கள். கையில் காசில்லாதவன் தன் பெயரை உலகில் பதிக்க இருந்த இடம் அந்தக் கவர் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1969இல் மூடப்பட்ட அந்தக் கடை 2001இல் திரும்பவும் திறக்கப்பட்டது. இன்று அங்கே போனால் அந்தக் கால 'ட்ரைற்றன்'களை அன்று இருந்தபடியே, ஆணி பிசகாமல் மீட்டு வைத்திருப்பவர்களைக் காணலாம். தொழிற்சாலைக்கு எதிராகச் செய்த கலகமே இப்போது மாற்றக்கூடாத மூலமாகிவிட்டது.

இதிலிருந்து எனக்குப் புரிவது, 'அசல்' என்பது யாரோ தேர்ந்தெடுத்த ஒரு திகதி என்பதுதான். வண்டியின் வாழ்க்கையில் ஒரு நாளைக் குறித்துவைத்து, அதற்குப் பிந்திய நாட்களையெல்லாம் அழுக்கு என்று அறிவிப்பது. தெசியசின் கப்பல் பற்றிப் புளூட்டாக் சொன்ன கதையை அறிந்திருப்பீர்கள். பலகை ஒவ்வொன்றாக உக்க உக்க மாற்றினார்கள். எல்லாம் மாறியபின் அது அதே கப்பலா? தத்துவவாதிகள் கேட்டது பலகையைப் பற்றி. கப்பலுக்கு யார் எந்த நிறம் பூசினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பிரித்தானியாவின் வாகனப் பதிவுத் திணைக்களத்தின் எண்ணமும் ஏறக்குறைய இதேதான். பெருமளவில் மாற்றப்பட்ட வண்டி பழைய இலக்கத்தை வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்க அவர்கள் நீண்டகாலம் புள்ளி முறை ஒன்றைப் பின்பற்றினார்கள். 8 புள்ளி வேண்டும். சட்டகத்துக்கு 5, எஞ்சினுக்கு வெறும் 1. இருதயத்துக்கு ஒரு புள்ளி! நிறத்துக்குப் புள்ளியே கிடையாது. ஆனால் நிறத்தை மாற்றினால் அறிவிக்கவேண்டும். பதிவுப் பத்திரத்தில் அதற்கென்று ஒரு இடம் உண்டு.

புல்லட்டின் கதை இன்னும் விநோதமானது. றோயல் என்பீல்ட் கம்பனி இங்கிலாந்தின் றெடிச் நகரில் செய்த வண்டியை, 1955இல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின் பின் சென்னையில், திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். றெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970உடன் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றாக நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பெற்றோல் ராங்கின் தங்கக் கோடுகளைத் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் கையால் இழுத்தபடியே இருந்தார்கள். 1977இல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வாங்கிய வெள்ளைக்காரர் பலர் அதை என்ன செய்தார்கள்? 'இந்தியா' என்றிருந்த சின்னத்தைக் கழற்றினார்கள். கவர்களைப் பளபளப்பாக்கி, ராங்குக்குப் பழைய நிறம் அடித்து, ஐம்பதுகளில் றெடிச்சில் பிறந்த வண்டிபோல வேடம் போட்டார்கள். தாய்வீடு செத்துப்போனபின் அந்த உயிரைத் தொடர்ந்து காத்தது திருவொற்றியூர். அதன் பிள்ளை தாய்வீட்டுக்கு வந்தபோது செத்துப்போன தாயைப்போல வேடம் போடச் சொன்னார்கள். இந்த நாடுகளில் வாழும் எங்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரவேண்டும், அல்லது வேறேதாவது வரவேண்டும். ஆயினும் அந்த வேடத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சேசிஸ் நம்பரைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது எங்கே பிறந்தது என்று தெரியும். நம்பரைத் தொடாதவரை நிறம் ஒரு ஆசை மட்டுமே.

மறைப்பது வேறு விடயம். வெடித்த கவரை உலோகப் பசையால் அடைத்து, அதன்மேல் அழகாகப் பெயின்ற் அடித்து, ஒன்றும் சொல்லாமல் விற்கிறவனைப் பற்றி விவாதிக்க எதுவுமில்லை. அது களவு. அழிப்பதும் வேறு. தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்களில் மணலைப் பீச்சியடித்துச் சுத்தம் செய்ததில் சிற்பங்களின் முகங்களும் கல்வெட்டுகளும் தேய்ந்துபோன கதையை அறிவோம். எஞ்சின் கவருக்கும் மணல் பீச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கவரின் எண்ணெய்த் துவாரங்களுக்குள் தங்கிவிடும் நாலு பருக்கை மணல் எஞ்சினைத் தின்றுவிடும். ஆண்டவனுக்கு அப்படி நேராதென்பதால் கோயில்காரர் தப்பித்துக்கொண்டார்கள்.

இனி நண்பரின் வண்டிக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே விற்பனையான ஹொண்டா சிடி 200. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இரண்டு சிலிண்டர், கழுதைபோல உழைக்கும். நண்பரின் தகப்பனார் ஆசிரியர். 1983இல் ஒன்று வாங்கினார். பொருளாதாரத் தடைக்காலத்தில், வலிகாமத்து வண்டிகள் எல்லாவற்றையும்போல, அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிரூட்டி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகை, கரி, கசியும் எண்ணெய். கறுத்துப்போன கவர்களுக்குத் தகப்பனார் கேற்றுக்கு அடிக்கிற அலுமினியம் பெயின்றைத் தூரிகையால் பூசினார். நண்பர் 1989இலேயே வெளிக்கிட்டுவிட்டதால் இதைக் கண்டதில்லை. 1993இல் வந்த ஒரு புகைப்படத்தில் அந்தப் பூச்சின் தடிப்பும் தூரிகைக் கோடுகளும் தெரிகின்றன. பிறைமர் இல்லை, லாக்கர் இல்லை. விதிப்படி பார்த்தால் ஆறு மாதத்தில் உரிந்திருக்கவேண்டும். திரும்பத் திரும்பப் பூசியிருப்பார்.

நண்பர் இங்கே வாங்கிய வண்டி நீலம். தகப்பனாருடையது சிவப்பு. ராங்கைச் சிவப்பாக்கினார். கவர்களை நான் மேலே சொன்னபடி சுத்தமாக உரித்து, தேய்த்து, பிறைமர் அடித்து, அதன்மேல் வேண்டுமென்றே தூரிகையால் வெள்ளி நிறம் பூசினார், கோடு தெரிய. தொழில் தெரிந்த ஒருவர் அவ்வளவு மெனக்கெட்டுத் தொழில் தெரியாதவன் செய்ததுபோல ஒன்றைச் செய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதுவரை எங்களுக்குள் வாதம் இல்லை.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்குள், இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கமாக நகர்ந்தது. தகப்பனார் மனைவியைப் பின்னால் ஏற்றி, இரண்டு பைகளையும் ஒரு குத்துவிளக்கையும் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது நெரிசலில் வண்டியோடு விழுந்தார். பல மாதங்கள் கழித்து வந்த கடிதத்தில், வலப்பக்கக் கவர் உரஞ்சுப்பட்டுப் போய்விட்டது, மற்றப்படி சுகம் என்று ஒரு வரி. பிறகு அவர் காலமானார். வண்டி என்னவாயிற்று என்று எவருக்கும் தெரியாது.

நண்பர் அரத்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கக் கவரில் அந்த உரஞ்சலைப் போடப்போகிறேன் என்றபோதுதான் நான் தடுத்தேன்.

"அண்ணை, கோடு கோடா பெயின்ற் அடிக்கேக்க நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இதுக்கு மட்டும் ஏன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டுமே நகல்தான். நான் சொன்னது, பூச்சு ஐயா செய்த வேலை, அதை மகன் திரும்பச் செய்யலாம். உரஞ்சல் ஐயா செய்ததில்லை, அவருக்கு நேர்ந்தது என்று. ஒரு கைவேலையைப் பின்பற்றுவதும் ஒரு துன்பத்தைப் பின்பற்றுவதும் ஒன்றல்ல.

அவர் விடவில்லை. "அப்ப சூரன்போர்? சூரன்ரை தலையை ஒவ்வொரு வருசமும் வெட்டிறம். பொய்யெண்டு ஆரும் சொல்லினமோ?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். சூரன்போரில் வீதியில் நிற்கும் அவ்வளவு பேருக்கும் அது சூரன்போர் என்று தெரியும். மேளம் இருக்கிறது, திகதி இருக்கிறது, மாமரமாகவும் சேவலாகவும் மாறும் ஒழுங்கு இருக்கிறது. கவரில் இருக்கும் உரஞ்சலுக்கு மேளம் இல்லை. பார்க்கிறவனுக்கு அது விழுந்த வண்டி. தனக்குத் தெரியும், தனக்காகத்தானே செய்கிறேன் என்கிறார் நண்பர். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், இங்கே பிறந்தவன். தமிழ் விளங்கும், வாசிக்க வராது. கடிதத்தை அவன் வாசிக்கப்போவதில்லை. கவரைத்தான் வாசிப்பான். இது அப்பப்பாவின் வண்டி, இது பாலத்தில் விழுந்த அடையாளம் என்று அவன் தன் பிள்ளைக்குச் சொல்வான். இல்லாத வண்டியில் இல்லாத காயம் ஒரு தலைமுறைக்குள் சாட்சியாகிவிடும்.

தழும்பு விடயத்தில் எங்களுக்குத் தனிப்பட்ட ஒரு கடமை உண்டென்று நினைக்கிறேன். எங்களில் எத்தனை பேர் இந்த நாடுகளின் அதிகாரிகளுக்கு முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கிறோம்! 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவரது முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய உலோகத்தால் சுட்ட தழும்புகள் இருந்தன. தழும்பு உண்மை, அதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அகதி வழக்குக்காக அவரே யாரையாவது கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று கீழ் மட்டங்களில் முடிவு செய்திருந்தார்கள். அப்படி ஒருவர் தனக்குத்தானே செய்விப்பது மிக அரிது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. எங்கள் தழும்புகளே செய்யப்பட்டவை என்று சந்தேகிக்கப்படும் உலகத்தில், விளையாட்டுக்கேனும், அன்புக்கேனும், ஒரு தழும்பைச் செய்யலாமா? வண்டிதானே என்று சொல்லலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் எழுத்தைப் பற்றியும் இதையே சொல்லவேண்டியிருக்கிறது. எண்பதுகளிலேயே விமானம் ஏறியவர்கள் தொண்ணூற்றைந்தின் மழையில் நனைந்ததாகவும், 2009இல் முள்ளிவாய்க்காலின் பதுங்குகுழியில் படுத்திருந்ததாகவும், 'நான்' என்று எழுதிய கவிதைகள் எத்தனை? இரங்குவதற்கும் எழுதுவதற்கும் எவரும் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. கற்பனையில்லாமல் இலக்கியம் ஏது என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் கதை என்று தெரியும்படி எழுதுவதற்கும், வலப்பக்கக் கவரில் அரத்தைப் போடுவதற்கும் வேறுபாடு உண்டு. நாங்கள் அங்கே இருக்கவில்லை என்பதும் ஒரு அனுபவந்தான். கடிதம் வரும்வரை மாதக்கணக்காய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தோமே, அதை எழுதியவர்கள் குறைவு. அந்தக் காத்திருப்புக்குக் காட்டத் தழும்பு கிடையாது என்பதாலோ என்னவோ.

நண்பர் சமாதானமாகவில்லை. வேறொரு முறையில் விடயம் சிக்கலாகியது. ரொறன்ரோவில் மூத்த மகளோடு இருக்கும் தாயாரிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். வண்டி எந்தப் பக்கம் விழுந்தது என்று. இடப்பக்கம் என்கிறார் தாயார். சீலை உடுத்து ஒருபக்கமாக இருந்து போனதால் இரண்டு காலும் இடப்பக்கம். சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் சுட்டுவிட்டது. சாவகச்சேரி போய்ச் சேர்ந்துதான் பார்த்தாராம். அடையாளம் இப்பவும் இருக்கிறது. ஐயா ஏன் வலப்பக்கம் என்று எழுதினார், மனைவிக்குச் சுட்டதை ஏன் எழுதாமல் விட்டார், மற்றப்படி சுகம் என்று ஏன் எழுதினார் என்று நண்பர் என்னைக் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு எழுதும் கடிதத்துக்கும் ஒரு பூச்சு உண்டு என்று மட்டும் சொன்னேன். அல்லது வண்டி இரண்டு தடவை விழுந்ததோ? தாயாருக்கு அது நினைவில்லை.

முப்பது வருடமாக அந்தக் காலில் அடையாளம் இருப்பது நண்பருக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை, இவரும் பார்க்கவில்லை.

அரம் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. என் வாதத்தால் போனதாக நான் எண்ணவில்லை. புதிய காஸ்கெட் போட்டு இரண்டு கவர்களையும் பூட்டி, எண்ணெய் விட்டு, ஓடவிட்டுப் பார்த்தோம். கசிவில்லை. நிற மாற்றத்தை அறிவிக்கப் பதிவுப் பத்திரத்தையும் தபாலில் சேர்த்தாயிற்று. வருகிற ஜூலையில் தாயார் லண்டன் வருகிறார். வண்டியை அவருக்குக் காட்டுவதா, சீலை போட்டு மூடி வைப்பதா என்று நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை.